முப்பத்தொன்றாம் கட்டம்

அத்தியாயம் ஐந்து

செத்துப்போன மனிதர் தப்பான இடத்தில் செத்துக் கிடந்தார் என்று இயக்குநர் குறைப்பட்டுக்கொண்டபோது எனக்குக் காது சுட்டது. சாவதற்கும் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் போலிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மேடம் என் செருப்பை மிதித்தார்.

மேடம் பதினேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான க்ளைம்களைப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, கேட்கக் கூடாததைக் கேட்பது என்று மூன்று வேலை. கடைசி வேலையை யாரும் எனக்குத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டது.

நாங்கள் நின்றிருந்தது காட்டுயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் வரைபட அறை. ஒரு சுவர் முழுக்க ஒரே வரைபடம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கோடு போட்டு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்த விலங்கு, எந்தப் பறவை என்று நடந்து பார்த்தவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அதை வைத்து வண்ணம் பூசுவார்கள். சிவப்பு என்றால் முதலில் காப்பாற்ற வேண்டிய இடம். மஞ்சள் என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளை என்றால் யாரும் ஒன்றும் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் கூட்டத்தில் உட்காருகிற பெரிய மனிதர்களுக்கு வெள்ளை என்றால் அங்கே ஒன்றுமே இல்லை. ரோடு போடலாம், கிடங்கு கட்டலாம், கேட்க நாதியில்லை.

அந்த வரைபடத்தை வரைகிற பெண்தான் எங்களை அழைத்து வந்தவள். முப்பது வயதிருக்கும். செத்துப்போன கள ஆய்வாளரின் தங்கை. அண்ணன், அண்ணி, இவள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழக்கு இதுதான். அண்ணன் பதினொரு வருடமாகக் காட்டிலும் சதுப்பிலும் நடந்து பதிவு எழுதியவர். இந்த வருடம், குட்டிகளோடு ஒரு நீர்நாய்க் குடும்பம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். சரிபார்க்க ஒரு குழு போனது. வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்தில் கல் குவாரிதான் இருந்தது. மீன் தின்கிற பிராணி குவாரியில் என்ன செய்யும், லாரிக்கு டீசல் போடுமா? ஒரு பதிவு பொய் என்றால் எல்லாமே பொய்யாக இருக்கலாம் என்று அவருடைய பதினொரு வருடப் பதிவுகளையும் நீக்கிவிட்டார்கள். அவர் மட்டுமே நடந்து பார்த்திருந்த நாற்பது கட்டங்கள் ஒரே நாளில் வெளுத்துப்போயின. அதற்கு ஒன்பதாம் நாள் காலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. சதுப்பு நிலத்து ஓடையில் பிணமாகத்தான் கிடைத்தார். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

"அவமானம் தாங்கல. தானா தேடிக்கிட்டாரு. பாவம்" என்றார் இயக்குநர். அந்தப் 'பாவம்' ஃபைலை மூடி நாடா கட்டுகிற சத்தத்தோடு வந்தது.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அண்ணி வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். அண்ணன் பொய் எழுதினாரா, தானாகச் செத்தாரா என்று தங்கைக்கு இரண்டு பதில் வேண்டும். அதுவும் அன்று மாலை நான்கு மணிக்குள் வேண்டும். நான்கு மணிக்கு முன்னுரிமைப் பட்டியலை முடிவு செய்கிற கூட்டம். ஒரு தடவை முடிவாகிவிட்டால் ஐந்து வருடத்துக்குத் திறக்க மாட்டார்களாம். அதற்குள் அந்தச் சதுப்பில் மண் கொட்டி ரோலர் ஓட்டிவிடுவார்கள்.

கூட்டத்துக்கான பிரதிகளை எடுத்துவரச் சொல்லி இயக்குநர் அவளை வெளியே அனுப்பினார். மேடம் வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். கட்டங்களுக்கு மேற்கிலிருந்து கிழக்காக எண் போட்டிருந்தார்கள்.

"நீர்நாய்ப் புள்ளி முப்பத்தி மூணுல இருக்கு. ஆள் கிடைச்சது முப்பத்தொண்ணுல. நடுவுல முப்பத்திரண்டு என்ன?"

"தைல மரத் தோப்பு" என்றார் இயக்குநர். "அங்கயும் போய்ப் பார்த்தாச்சு."

ஏன் அங்கே போனார்கள் என்று நான் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். முதல் சோதனை முடிந்த மறுநாள் அண்ணன் தனியாக இவரிடம் வந்தாராம். இடத்தை வேண்டுமென்றேதான் ஒரு கட்டம் கிழக்கே தள்ளி எழுதினேன், ஒரு கட்டம் மேற்கே போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினாராம். கட்ட எண்ணை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லையாம். குழு மறுபடி போனது. புள்ளிக்கு ஒரு கட்டம் மேற்கே தைல மரமும் சருகும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ரெண்டாவது தடவையும் பொய். தங்கச்சிகிட்ட இதைச் சொல்ல எனக்கு மனசு வரல. அவரையும் கூப்பிட்டு முகத்துக்கு நேரா சொல்ல வாய் வரல, கடிதமாத்தான் கொடுத்தோம்."

கடிதத்தின் நகலை மேடம் கேட்டு வாங்கினார். இரண்டே வரி. 'தாங்கள் தெரிவித்த இரண்டாவது இடத்திலும் சான்று ஏதும் கிடைக்கவில்லை.' கட்ட எண் எங்கேயும் இல்லை. முதல் கடிதத்திலும் இல்லை. வேட்டைக்காரர்கள் கண் வைக்கிற விலங்கு என்றால் கடிதத்தில் எண் எழுதக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறதாம். மேடம் அந்த இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தார். இரண்டு வரியில் இரண்டு தடவை படிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

ஜீப் டிரைவர் அலுவலகத்துக்குப் பின்னால் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அண்ணனோடு எட்டு வருடம் சுற்றியவர். முதலில் வாயே திறக்கவில்லை. வண்டியின் வயதைக் கேட்டேன். எனக்கும் அதே வயதுதான், இருவருக்கும் மேட்டில் இழுக்காது என்றேன். சிரித்தார். சிரித்தவர் அப்புறம் நிறுத்தாமல் பேசினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அலுவலகம் ஒரு வரைபடத்தை அச்சடித்து வெளியிட்டது. அதில் இன்னொரு நீர்நாய் வளையின் இடம் துல்லியமாக இருந்தது. ஒரே மாதத்தில் கம்பிக் கண்ணிகள் வந்தன. ஐந்து நீர்நாய்களைத் தோலுக்காக உரித்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தைப் பொறுக்கிப் புதைத்தது அண்ணன்தான். அன்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் கிளம்பு என்று சொல்லவே இல்லையாம்.

"அதுலருந்து சார் மாறிட்டாரு. நிஜ இடத்தைத் தாள்ல எழுதவே மாட்டாரு. ஒரு கட்டம் கிழக்கால தள்ளித்தான் எழுதுவாரு. எனக்கும் இடத்தைக் காட்ட மாட்டாரு, ரோட்டுலயே இறங்கிடுவாரு. வீட்ல கூட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாரு."

கடைசி நாள் பற்றி மேடம் கேட்டார். ஜீப்பைத் தரக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதால் அண்ணன் அன்று சைக்கிளில்தான் போனார். போகிற வழியில் டிரைவர் வீட்டில் நின்று கேமராவுக்கு ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டார். தன்னிடம் இருப்பது ஒரு வேளைக்குத்தான் வரும், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாராம்.

"சாகப் போறவர் திங்கட்கிழமை வரேன்னு சொல்வாரா மேடம்?" என்றேன்.

"வண்டியில ஏறு" என்றார் மேடம்.

சதுப்புக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. ரோட்டிலிருந்து இறங்கி, கோரைப்புல்லுக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். எனக்கு முழங்கால் வரை சேறு. புதுப் பேண்ட் வேறு. புலம்பிக்கொண்டே வந்தேன். ஓடைக் கரை வரும் வரை அதுதான் பேச்சு.

கரையோரத்தில் குச்சி நட்டு, கோணி கட்டி, ஆள் மறைந்து உட்கார ஒரு தடுப்பு இருந்தது. அதற்குள் ஒரு மடக்கு ஸ்டூல். சேற்றில் சாயாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் தட்டைக் கல் வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து வைத்த கல். நீண்ட நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்த மனிதர் வைத்தது.

தடுப்புக்கு எதிரே இருந்த பாறையில் கறுப்பாக எதுவோ அப்பியிருந்தது. நான் குனிந்து முகர்ந்தேன். ஒரு மாதம் மறக்காத நாற்றம். உள்ளே மீன் செதிலும் நண்டு ஓடும் பளபளத்தன. ஈரம் காயவில்லை. பக்கத்துச் சேற்றில், விரலுக்கு விரல் சவ்வு படிந்த கால் தடங்கள், பெரிதும் சிறிதுமாக. போனில் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். நீர்நாயின் கழிவை ஒரு மனிதன் இத்தனை படம் எடுப்பான் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தடுப்புக்கு முன்னால் கரை ஓரடி அகலத்துக்குச் சரிந்து கிடந்தது. மேடம் மண்டியிட்டுக் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே வெற்றிடம். மேலே புல், கீழே வளை. இன்னும் ஓரடி முன்னால் போனால் படம் நன்றாக வரும் என்று அண்ணன் காலை வைத்திருக்கிறார். அவர் காப்பாற்ற நினைத்தவை தோண்டிய வளையின் மேல்தான் அவர் நின்றிருக்கிறார். பிணத்தை எடுத்த போலீஸ்காரர்கள் எதிர்க்கரை வழியாக வந்து போயிருந்தார்கள். தடுப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை, கேமரா ஓடையில் அமிழ்ந்திருக்கும்.

"தானா சாகல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மேடம் உதட்டில் விரல் வைத்தார். ஓடையின் வளைவில் மூன்று தலைகள் எழுந்தன. ஒன்று பெரியது, இரண்டு குட்டிகள். எங்களை ஒரு கணம் பார்த்தன, அப்படியே முங்கிவிட்டன. போனை உயர்த்துவதற்குள் இரண்டைத்தான் பிடிக்க முடிந்தது. அது போதும்.

திரும்புகிற வழியெல்லாம் நான் துள்ளிக்கொண்டிருந்தேன். வழக்கு முடிந்தது, நல்ல பதில் கொண்டுபோகிறோம் என்று நினைப்பு. மேடம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கணக்குக் கேட்டார். நிஜ இடம் முப்பத்தொன்று. அவர் ஒரு கட்டம் தள்ளி எழுதுவார். அப்படியானால் என்ன எழுதியிருப்பார்?

"முப்பத்திரண்டு."

"புள்ளி எங்க இருக்கு?"

"முப்பத்தி மூணு" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ இன்னொரு கட்டம் தள்ளியிருக்கிறார்கள். ஒரு கட்டம் மேற்கே பாருங்கள் என்று அவர் சொன்னது சத்தியம். ஆனால் குழு அந்தத் தப்பான புள்ளியிலிருந்துதான் மேற்கே எண்ணியது. போன இடம் முப்பத்திரண்டு. கடிதத்தில் எண் இல்லாததால் எந்தக் கட்டத்துக்குப் போனார்கள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தன் இடத்துக்குத்தான் வந்து பார்த்துவிட்டு இல்லை என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கியிருக்கிறார்.

இது இயக்குநரின் வேலைதான் என்று நான் அடித்துச் சொன்னேன். சதுப்பை நிரப்புகிறவர்களோடு கூட்டு, வேறு யார்? மேடம் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் நான் தப்பு என்று அர்த்தம்.

மூன்று மணிக்கு அலுவலகத்துக்கு வந்தோம். அண்ணன் கைப்பட எழுதிய படிவத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். இயக்குநர் தானே பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்தார். அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை, அதிலேயே என் கற்பனை உடைந்தது. படிவத்தில் முப்பத்திரண்டு என்று தெளிவாக இருந்தது. இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அழகாக அச்சடித்த வரைபடம் கையில் இருக்கும்போது கசங்கின படிவத்தை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். இரண்டு குழு போனது, ஒருவரும் பார்க்கவில்லை.

படிவத்துக்கும் வரைபடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மேஜைதான் இருந்தது. அது யாருடைய மேஜை என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்பதுதான் என் வேலை. அன்றைக்கு முடியவில்லை.

தங்கை கூட்ட அறைக்கு வெளியே பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் அவளை வரைபட அறைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தார். முதலில் நல்லதைச் சொன்னார். நீர்நாய் இருக்கிறது, பார்த்தோம், படம் இருக்கிறது. உங்கள் அண்ணன் சாகப் போகவில்லை, வேலை செய்யத்தான் போனார், கரை சரிந்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று வாரத்து அழுகை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அழுகை அடங்கும் வரை காத்திருந்துவிட்டு மேடம் கேட்டார். "நீங்க எப்போதிலிருந்து தள்ளி வைக்கிறீங்கம்மா?"

அவள் மறுக்கவில்லை. இரண்டு வருடமாக என்றாள். அந்த ஐந்து நீர்நாய்கள் செத்த அன்று அண்ணன் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே இருந்தாராம். தோல் சிவந்த பிறகும் கழுவினாராம். அச்சான அந்த வரைபடம் இவள் வரைந்தது. அன்றைக்கு முடிவு செய்தாள். இனி அண்ணன் எழுதுகிற இடத்தை உள்ளது உள்ளபடி எந்தத் தாளிலும் போடுவதில்லை. வேட்டைக்காரர்கள் கண் வைக்கிற விலங்கு என்றால் ஒரு கட்டம் கிழக்கே. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அண்ணனும் அதே நாளில் அதையேதான் முடிவு செய்தார் என்று மேடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு மேடம் பட்ட பாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முதல் சோதனை குவாரிக்குத்தான் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அப்பவே ஏன் சொல்லல?"

"அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பார்த்தேன் மேடம். அண்ணன் எழுதின முப்பத்திரண்டுக்கு. வெறும் தைல மரம். அப்போ..." என்று நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்போ நானும் அண்ணன் பொய் எழுதிட்டார்னு நினைச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேன்."

வேட்டைக்காரனுக்குத் தெரியக்கூடாது என்று அண்ணன் ஒரு கதவைப் பூட்டினார், தங்கை ஒன்றைப் பூட்டினாள், அலுவலகம் எண்ணே எழுதாமல் மூன்றாவதைப் பூட்டியது. மூன்று பேருமே நல்லவர்கள். வில்லன் ஒருவன் இருந்திருந்தால் அவனையாவது நான் திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதைக் காட்ட ஆளில்லை.

"அண்ணன் செத்தது என்னாலயா மேடம்?"

மேடம் பொய் சொல்ல மாட்டார். "கரை சரிஞ்சதாலதான் செத்தாரு" என்றார். "ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு அங்க தனியா போயிருக்க மாட்டாரு. இப்போ மணி மூணே முக்கால். அந்த வார்த்தையை இப்பவாவது சொல்லணும்."

நான்கு மணிக்கு அவள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அண்ணன் ஒரு கட்டம் தள்ளினார், அதற்கு மேல் தள்ளி வைத்தது நான், அவர் பார்த்ததாக எழுதியது அத்தனையும் உண்மை என்று சொன்னாள். அதிகாரபூர்வ வரைபடத்தைத் திருத்தியதற்கு வேலை போகும் என்று ஒருவர் எச்சரித்தார். தெரியும் என்றாள். என் போன் கை மாறிக் கை மாறி மேஜையைச் சுற்றி வந்தது. நீர்நாய் படத்துக்கு அடுத்து என் பிறந்தநாள் படத்தையும் பார்த்துவிட்டார்கள், அது கிடக்கட்டும். ஐந்தரைக்கு முடிவு சொன்னார்கள். பதினொரு வருடப் பதிவுகளும் திரும்பின. முப்பத்தொன்று சிவப்பானது. இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பற்றிக் காலையிலிருந்து நினைத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அண்ணியிடம் சொல்லத் தங்கை எங்களையும் கூட வரச் சொன்னாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களை முன்னால் போகவிட்டாள். அண்ணி சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவர் தானாகப் போகவில்லை என்றபோது கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியும், ரெண்டு வேளைக்குக் கட்டித் தரச் சொன்னாரு" என்றாள். பிறகு தங்கை தன் பங்கையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. முப்பத்திரண்டுக்குத் தான் போய்ப் பார்த்ததையும் சொன்னாள்.

அண்ணி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

"முதல் தடவை போனவங்க தப்பான இடத்துக்குப் போனாங்கன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் அண்ணி."

"அதுக்கப்புறம் அவர் ஒன்பது நாள் இருந்தாரு."

"ஆமா."

"அந்த ஒன்பது நாளும் நாம மூணு பேரும் இங்கதானே உட்கார்ந்து சாப்பிட்டோம்?"

"ஆமா அண்ணி" என்றாள் அவள்.